அணுகுண்டு போட்டது யாருக்காக?

ஆலங்குளத்துத் தேநீர்க் கடைகளிலே பத்திரிகை படிக்கும் தோழர்கள் சிலர், "அணுகுண்டு போட்டதால்தானே யுத்தம் நின்றது? அதனால் எத்தனையோ லட்சம் உயிர் பிழைத்ததல்லவா?" என்று பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். அவர்கள்மீது குற்றமில்லை, அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால், பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காகவே எதையும் ஒப்புக்கொள்ளாத நாம், இந்தப் புராணத்தையும் கொஞ்சம் உரைத்துப் பார்க்க வேண்டாமா?

முதலில் தேதிகளைப் பாருங்கள். 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. அதிலிருந்து மூன்று மாதத்திற்குள் ஜப்பான்மீது பாய்வதாக ரஷ்யா முன்னமே வாக்குக் கொடுத்திருந்தது. ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. 8-ல் ரஷ்யா யுத்தப் பிரகடனம் செய்தது. 9-ல் நாகசாகியில் இரண்டாவது குண்டு விழுந்தது. அமெரிக்கப் படை ஜப்பான் கரையில் இறங்குவதாக இருந்ததோ நவம்பரில்! மூன்று மாதம் கையிலிருக்க, மூன்று நாள்கூடப் பொறுக்க முடியாத அவசரம் ஏன்?

குண்டு கையிலிருந்தால் ரஷ்யாவை வழிக்குக் கொண்டு வரலாம் என்று, பின்னால் வெளிநாட்டு மந்திரியான பர்ன்ஸ் தம்மிடம் கூறியதாக விஞ்ஞானி சிலார்டு எழுதியிருக்கிறார். ஆகவே, குண்டு விழுந்தது ஜப்பானில். பயமுறுத்தப்பட்டது ரஷ்யா என்பதே நமது அபிப்பிராயம்.

குண்டு போடாவிட்டாலும் 1945 முடிவதற்குள் ஜப்பான் சரணடைந்திருக்கும் என்று அமெரிக்க சர்க்காரின் விசாரணைக் குழுவே 1946-ல் எழுதிற்று. இதை மறுக்கும் சரித்திரக்காரர்களும் உண்டு. இருக்கட்டும். ஜப்பான் சக்கரவர்த்தியின் பட்டத்திற்கு ஆபத்தில்லை என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிப் பார்த்தார்களா? போட்ஸ்டாம் அறிக்கையின் நகலிலிருந்த அந்த வாசகத்தை அடித்தல்லவா விட்டார்கள்! பிறகு நடந்ததென்ன? அவ்வருட முடிவிற்குள் இரண்டு ஊர்களிலும் ஏறக்குறைய 2 லட்சம் பேர் மாண்டார்கள். சூரிய தேவதையின் வம்சமென்று சொல்லப்பட்ட சக்கரவர்த்தி மட்டும் சிம்மாசனத்திலேயே இருந்தார்!

ஜப்பான் ஆட்சிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிகளைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப்போய்ச் சாகடித்த ஆட்சி அது. ஆனால், அந்தப் பாவத்திற்கு ஹிரோஷிமாவின் பள்ளிக்கூடப் பிள்ளையா ஜவாப்தாரி?

இத்தனைக்கும் கடவுளையும் சாட்சிக்கு இழுத்தார்கள். குண்டு தங்கள் கையில் கிடைத்ததற்காக அமெரிக்கத் தலைவர் ட்ரூமன் ரேடியோவில் ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். அதே ஆகஸ்ட் 9-ல் நாகசாகியின் உரக்காமி மாதா கோயில், உள்ளே ஜெபத்திலிருந்த பக்தர்களோடு இடிந்து விழுந்தது. போட்டவனுக்கும் அதே சாமி, செத்தவனுக்கும் அதே சாமி!

நம் நாட்டு யோக்கியதை மட்டும் என்ன? 1974-ல் பொக்ரானில் வெடித்ததற்குச் 'சிரிக்கும் புத்தர்' என்று பெயர். கொல்லாமை சொன்னவர் பெயர் குண்டுக்கு! 1998-ல் வெடித்தவற்றிற்கோ 'சக்தி' என்று பெயர்.

தோழர்களே! குண்டை எவன் எங்கே வெடித்தாலும், தேசம், தெய்வம், உயிர் காப்பு என்று பெயர் சூட்டித்தான் கொண்டு வருவான். பெயரைக் கேட்டுக் கை தட்டாதீர்கள். செத்தவன் யார், ஆதாயம் அடைந்தவன் யார் என்று கேளுங்கள். கணக்கு அப்போது தானே வெளிவரும்.