காலுறையும் மருந்துதான்!

சின்னசேலம் கடைவீதியில் காலையிலே துணிக்கடைக் கதவு தூக்கப்படும்போது உள்ளே போய் நிற்கிற தோழர், இரவு அந்தக் கதவு இழுத்துச் சாத்தப்படும் வரையில் நின்றுகொண்டேயிருக்கிறார். அரிசி ஆலையிலே மூட்டை சுமப்பவர் நிற்கிறார். பரோட்டாக் கல்லின் முன்னே அனலைக் குடித்தபடி மாஸ்டர் நிற்கிறார். சாரத்தின் மேலே கொத்தனார் நிற்கிறார். கல்வராயன் மலையை விட்டு இறங்கிக் கூலி தேடி வந்த மலைவாழ் மக்களும் நின்றே பிழைக்கிறார்கள். நிற்பவன்தான் கூலி பெறுவான். உட்கார்ந்தவனுக்கு வசவுதான் கிடைக்கும் என்பது இங்கே எழுதாத சட்டம்!

பத்தாண்டு, பதினைந்தாண்டு இப்படி நின்றவருடைய காலைப் பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? ஆடுசதையிலே பச்சைப் புழு நெளிவது போல நரம்பு புடைத்திருக்கும். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார்கள். உண்மையில் அது நரம்பல்ல, இரத்தக் குழாய். காலுக்கு இறங்கிய இரத்தம் மறுபடி மேலே ஏறி இதயத்துக்குப் போகவேண்டும். அதை ஏற்றிவிடும் எந்திரம் ஆடுசதைதான். நடக்கும்போது சதை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் திரும்பி இறங்காதபடி குழாய்க்குள்ளே இருக்கும் சிறு கதவுகள் தடுக்கின்றன. நடக்காமல் நின்ற இடத்திலேயே நாளெல்லாம் நின்றால் எந்திரம் ஓடாது. தேங்கிய இரத்தத்தின் கனம் தாங்காமல் கதவுகள் பழுதாகின்றன. முதலில் மாலை நேரக் கடுப்பு, பிறகு கணுக்கால் வீக்கம், பிறகு தோல் கறுத்துப் போதல், கடைசியில் உள் கணுக்காலுக்கு மேலே ஆறாத புண். அந்தப் புண்ணோடு மாதக் கணக்கில் வேலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு.

வலிக்கு அவர் என்ன செய்கிறார்? ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே மருந்துக் கடைக்குப் போய், "கால் கடுப்புக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்கிறார். காகிதத்தில் மடித்த நாலு மாத்திரை கையிலே விழுகிறது. அதன் பெயர் அவருக்குத் தெரியாது. இரவு தூக்கம் வருகிறது. மறுநாள் மறுபடியும் ஒரு செட். வலிநிவாரணி மாத்திரைகளை இப்படி ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் குடல் புண்ணாகும், சிறுநீரகம் கெடும் என்பதை மருத்துவ நூல்கள் ஒளிக்காமல் சொல்கின்றன. கால் வலிக்கு விலையாகச் சிறுநீரகத்தைக் கொடுக்கிறான் பாட்டாளி!

இதற்கு வைத்தியம் இல்லையா? இருக்கிறது. அறுவை, லேசர் என்பவை ஒருபுறம் இருக்கட்டும். அவை எல்லோருக்கும் வேண்டியதில்லை, செய்துகொண்டாலும் அதோடு முடிவதுமில்லை. அன்றாட வைத்தியம் ஓர் அழுத்தக் காலுறை. கணுக்காலில் இறுக்கம் அதிகமாகவும், மேலே போகப் போகக் குறைவாகவும் பின்னப்பட்ட காலுறை அது. செயலிழந்த கதவுகளின் வேலையை வெளியிலிருந்து அது செய்கிறது. புண் வந்தவருக்கு அழுத்தக் கட்டுப் போட்டு ஆற்றியபின், புண் திரும்பி வராதபடி காப்பதும் இந்தக் காலுறைதான்.

இது பள்ளிப் பிள்ளை போடும் சாக்ஸ் அல்ல. வீக்கம் ஏறுவதற்கு முன், காலை வேளையில், கணுக்கால், ஆடுசதை, தொடை என்று நாடாவால் சுற்றளவு எடுத்துக் கொடுக்க வேண்டியது. பீடி, சிகரெட் பிடிப்பவர்க்கும் சர்க்கரை நோயுள்ளவர்க்கும் காலுக்கு இரத்தம் இறங்கி வரும் குழாயே அடைபட்டிருக்கலாம். அவர்களுக்கு அதைச் சோதித்துப் பாராமல் இறுக்கமான காலுறை மாட்டினால் காலுக்கே ஆபத்து. அளவு தவறினால் உதவாது. மூன்று, ஆறு மாதத்தில் இழுவிசை தளர்ந்தால் மாற்றியாக வேண்டும். தரமான ஒரு சோடியின் விலையோ ஆயிரக்கணக்கில் போகிறது. வீட்டு அடுப்பைப் பார்ப்பாரா, காலுறையைப் பார்ப்பாரா?

மாத்திரையும் ஊசியும் மருந்துச் சாளரத்தில் இலவசமாகக் கிடைக்கும் நாட்டிலே, காலுறை என்றால் மட்டும் சீட்டில் எழுதி "வெளியே வாங்கிக்கொள்" என்பது ஏன்? துணி போல இருப்பதாலா? விழுங்க முடியாததாலா? அளவெடுத்துக் கொடுக்கும் இந்த உறையும் மருந்துதான் என்று நாம் சொல்கிறோம்.

இந்தத் தமிழ்நாடு செய்யத் தெரியாத நாடல்ல. 1994-ஆம் ஆண்டிலே மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, மருந்தை மொத்தமாக வாங்கி, விலையைக் குறைத்து, ஆரம்ப சுகாதார நிலையம் வரை சேர்ப்பது எப்படி என்று மற்ற மாநிலங்களுக்குக் காட்டிய நாடு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலே மாத்திரை கொடுக்கிறது. இயன்முறை மருத்துவரை அனுப்புகிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வயிற்று வழி டயாலிசிஸ் செய்யும் திரவப் பைகளையும் கொண்டுபோய்க் கொடுக்கிறது. பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் ஒரு கேள்வி: சிறுநீரகம் கெட்ட பிறகு பை சுமந்து வரத் தெரிந்த அந்தக் கைகளுக்கு, சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரையை நாடாதபடி ஒரு சோடி காலுறை சுமந்து வர இயலாதா?

"காப்பீட்டு அட்டை இருக்கிறதே" என்பார் உண்டு. 2009-இல் பிறந்த அந்தத் திட்டம் எத்தனையோ உயிர்களைக் காத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கான அட்டை. நடந்து வந்து நடந்து போகிற நோயாளியின் நாள்பட்ட வலிக்கு அதிலே இடம் குறைவு. ஈ.எஸ்.ஐ. உண்டே என்றால், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைக்கு அது எட்டாது. சின்னசேலத்துக் கடைகளை எண்ணிப் பாருங்கள், விடை தெரியும்.

காலுறை தேவைப்படுவோர் நின்று உழைப்பவர் மட்டுமல்லர். பழைய தென்னார்க்காடு மாவட்டம் யானைக்கால் நோயை நன்கறிந்த மண். கொசுவை ஒழித்து, மாத்திரை கொடுத்து, புதிதாக வருவதைப் பெரிதும் தடுத்தோம். ஆனால் முன்னரே வீங்கிய கால் மாத்திரையால் வற்றுவதில்லை. நாள்தோறும் கழுவித் துடைத்து, உயர்த்தி வைத்து, அழுத்தக் கட்டுக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். மார்பகப் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட தாய்மாரில் சிலருக்குக் கை வீங்குகிறது. அவர்களுக்கு வேண்டியது கைக்கு உறை. தீக்காயம் ஆறிய தோல் தடித்து முறுக்கிக்கொள்ளாதிருக்க இறுக்கமான அங்கி மாட்டுவதும் இந்த வைத்தியத்தின் உறவுதான்.

இங்கே ஒரு முணுமுணுப்பு கேட்கும். "அக்கினி நட்சத்திர வெயிலில் இதை யார் போடுவார்? கொடுத்தால் பெட்டியிலே கிடக்கும்" என்று. அதிலே உண்மை இல்லாமலில்லை. அரிக்கும், வியர்க்கும், மாட்டுவதற்கே தெம்பு வேண்டும். அதனால்தான் கொடுத்துவிட்டுக் கை கழுவக் கூடாது என்கிறோம். மாட்டக் கற்றுக்கொடுக்கச் செவிலியர் வேண்டும். நம் வெயிலுக்கு ஏற்ற நூலிலே பின்னச் சொன்னால் திருப்பூருக்கு அது தெரியாத வித்தையா? உலகத்துக்கெல்லாம் பனியன் பின்னித் தருகிற ஊராயிற்றே!

காலுறை ஒரு பாதி. நாற்காலி மறு பாதி. கேரளத்துத் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருந்தியது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, தொழிலாளிக்கு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று எழுதப்பட்டது. எழுதியாயிற்று! இனி, கடைக்குள்ளே போய்ப் பாருங்கள். நாற்காலி இருக்கிறதா? இருந்தால், அதிலே உட்கார்ந்திருப்பது தொழிலாளியா, துணிக்கட்டா?

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று நாற்பது வயதுக்காரனைத் திருப்பி அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் நாள்பட்ட வலிக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் கள்ளக்குறிச்சியும் ஒன்று. பெரிய ஆஸ்பத்திரிக்கு விழுப்புரமோ சேலமோ ஓடிய காலம் போய், பக்கத்திலேயே கல்லூரி வந்துவிட்டது. அங்கே வாரம் ஒரு நாள் வலிக்கென்று தனிப் பிரிவு நடக்கட்டும். அளவெடுக்கும் நாடாவும் காலுறையும் சின்னசேலம் வரையில், மலைமேல் வெள்ளிமலை வரையில் வரட்டும். கூலி போகாதபடி, சந்தை நாளையொட்டி வரட்டும். மருந்துப் பட்டியலில் காலுறையின் பெயர் ஏறட்டும்.

கிளைத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் நின்று உழைப்பவர் எத்தனை பேர், அவர்களில் கால் வீங்கியவர் யார், புண்ணுள்ளவர் யார், செட் மாத்திரையில் காலம் தள்ளுபவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். வரும் மே 1-ஆம் நாள் கிராம சபை கூடும்போது, காலுறைக்கு ஒரு தீர்மானம், கடை நாற்காலிக்கு ஒரு தீர்மானம், இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.