வயித்துக்குள்ளயும் ஒரு பிரஷர் இருக்குங்க!

டெங்கு சீசன் வந்தா நம்ம கோவை, திருப்பூர் பக்கம் எல்லாரும் கேக்கற ஒரே கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" 2017-ல அரசுக் கணக்குப்படியே தமிழ்நாட்டுல 23,000 பேருக்கு மேல டெங்கு. அப்பவும் இதே கேள்விதான். ஆனா ஐ.சி.யூ.ல கிடக்கற குழந்தைக்கு முக்கியமான நம்பர் இன்னொண்ணு இருக்கு. வயித்துக்குள்ள அழுத்தம் எவ்வளவு?

டெங்கு முத்தினா ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு வயித்துல சேரும். ஷாக் வந்தா டிரிப்ஸ் ஏத்தியே ஆகணும், அதுலயும் கொஞ்சம் கசியும். வயிறு இறுகினா நுரையீரல் விரிய இடமிருக்காது, கிட்னிக்குப் போற ரத்தம் குறையும். யூரின் வரலையேன்னு மேல மேல டிரிப்ஸ் ஏத்தினா வயிறு இன்னும் இறுகும். எங்க பாஷையில சொன்னா இன்ஃபினிட் லூப்! சென்னையில குழந்தை மருத்துவர் சுசித்ரா ரஞ்சித்தும் அவர் குழுவும் 2005-லயே, முதல்ல ஷாக்கைத் தீவிரமா சரி பண்ணிட்டு, அப்புறம் மிஞ்சின நீரை நிதானமா வெளியேத்தறதைப் பத்தி எழுதியிருக்காங்க. எப்ப நிறுத்தறது, எப்ப வெளியேத்தறதுன்னு முடிவு பண்ண நம்பர் வேணுமில்லையா?

அளக்கறதுக்குப் பெரிய மெஷின் வேண்டாம். மூத்திரப்பையைக் காலி பண்ணிட்டு, யூரின் டியூப் வழியா கிலோவுக்கு 1 மில்லி சலைன் (குறைஞ்சது 3, அதிகபட்சம் 25), குழந்தை மல்லாந்து அசையாம இருக்கணும், மூச்சு வெளிய விட்டு முடியற நேரத்துல ரீடிங். அவ்வளவுதான். கையால அமுக்கிப் பாக்கறதும், டேப் வச்சு சுத்தளவு எடுக்கறதும் இதுக்கு ஈடாகாது.

இதுல ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, 2013 உலக வழிகாட்டிப்படி பெரியவங்களுக்கு 12 மி.மீ. பாதரசம் வந்தாத்தான் அதிகம். குழந்தைக்கு 10 தாண்டி நின்னாலே அதிகம். அதோட புதுசா ஏதாவது உறுப்பு சுணங்கினா அது எமர்ஜென்சி. பெரியவங்க சார்ட்டைக் குழந்தை பெட்ல மாட்டக்கூடாது. ரெண்டு, யூனிட். 13 செ.மீ. தண்ணீர்னா 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழ. 13 மி.மீ. பாதரசம்னா எல்லை தாண்டியாச்சு. வெறும் "13"னு எழுதினா அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் என்னன்னு எடுத்துக்குவாங்க?

என் சித்தி பொண்ணு ஒரு ஆஸ்பத்திரில குழந்தைகள் ஐ.சி.யூ. நர்ஸ். கேட்டதுக்கு, "அளக்கறது பெரிய வேலை இல்லீங்ணா. ஆனா டாக்டர் சொல்லோணும். ஒரே ஆளு எத்தனை பெட்டைப் பாக்கறது?"ன்னா. என் வாதமே இதுதாங்க. ஆபீஸ்ல சர்வர் டிஸ்க் நிரம்பினா, மேனேஜர் கேக்கட்டும்னு நாங்க காத்திருக்கறதில்லை. தானா அலாரம் அடிக்கும். ஆபத்து இருக்கற குழந்தைக்கு 4-லிருந்து 6 மணி நேரத்துக்கு ஒருக்கா அளக்கணும்ங்கறது யாரும் சொல்லாமலே நடக்கற நிரந்தர உத்தரவா இருக்கணும். சார்ட்டுல அதுக்குன்னு ஒரு கட்டம், பக்கத்துல யூனிட். 10 தாண்டினா ராத்திரி 2 மணின்னாலும் டாக்டரை எழுப்பற உரிமை நர்ஸுக்கு வேணும். அதுக்குப் போதுமான நர்ஸுகளும் வேணும்.

வென்டிலேட்டர் வாங்கினா பேப்பர்ல போட்டோ வரும். நர்ஸ் வேலைக்கு ஆள் எடுத்தா வராது. ஆனா அந்த அலாரம் அடிக்கப் போறது நர்ஸ்தானுங்களே.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பொட்டி தட்டறவன். வைத்தியம் அவங்ககிட்டயே கேளுங்க :-)