வைஸின் பல்லுக்கு ஒரு தகடு

ஒரு பட்டறையின் லட்சணத்தை அறிய அங்குள்ள பெரிய யந்திரங்களையெல்லாம் சுற்றிப் பார்க்க வேண்டியதில்லை. மேஜையில் பூட்டியிருக்கும் வைஸைப் பார்த்தால் போதும். அதன் இரண்டு தாடைகளுக்கும் அலுமினியத்தாலோ தாமிரத்தாலோ உறை போட்டிருந்தால், அல்லது அந்த உறை பக்கத்து ஆணியிலாவது தொங்கிக்கொண்டிருந்தால், பொருளின் அருமை தெரிந்தவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அநேகப் பட்டறைகளில் வைஸ் வெறும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறது.

அந்தப் பல் லேசானதல்ல. வைஸின் உடம்புதான் வார்ப்பிரும்பு. தாடையின் முகத்தில் திருகிவைத்திருக்கும் தகடோ, சூடேற்றிக் கடினப்படுத்திய எஃகு. பிடி வழுக்காமலிருக்க அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வெட்டியிருப்பார்கள். 200 மில்லிமீட்டர் கைப்பிடியின் முனையில் ஒருவர் 20 கிலோ பலத்தோடு அழுத்துகிறார், திருகு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் முன்னேறுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், முக்கால்வாசி பலம் உராய்வில் வீணானாலும் தாடையில் ஒரு டன்னுக்கு மேல் அழுத்தம் விழுகிறது. அவ்வளவும் அந்தப் பற்களின் நுனியில்! சாதாரண இரும்பு என்ன செய்யும்? தழும்பு விழத்தான் செய்யும்.

தழும்பு விழுந்தால் என்ன, அழகு போட்டியா நடக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கோயமுத்தூர்ப் பக்கத்தில் பம்பு செட்டு ரிப்பேருக்கு வரும் ஷாப்ட்டை எடுத்துக்கொள்ளலாம். விவசாயி கிணற்றடியிலிருந்து கழற்றிக்கொண்டு வருகிறார். சாவிப் பள்ளத்தில் இருக்கும் பிசிறை அரத்தால் தட்டிவிட வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. ஷாப்ட்டை வெறும் வைஸில் வைத்து இறுக்கி வேலையையும் முடித்துவிடுகிறார்கள். ஆனால் பேரிங் உட்காரும் இடத்தில் பல் பதிந்திருக்கிறது. அங்கே கிளம்பிய மேடு பேரிங்கைச் சரியாக உட்கார விடாது. கிளாண்டில் கயிறு சுற்றும் இடத்தில் பதிந்திருந்தால் இன்னும் மோசம். சுற்றும் ஷாப்ட் அரம்போல் கயிற்றைத் தின்றுவிடும். சில நாளில் தண்ணீர் ஒழுகும். விவசாயி பம்பைத்தான் திட்டுவார். குற்றவாளியான வைஸ் பட்டறையில் சாதுவாக நின்றுகொண்டிருக்கும்!

பட்டறையிலேயே கண்டுபிடித்துவிட்டால் திட்டு வாங்குவது வேலை பழகும் பையன். “கண்ணு எங்கேடா போச்சு?” என்று மேஸ்திரி அதட்டுவார். சில இடங்களில் கூலியிலும் கை வைப்பார்கள். இது நியாயமா? பல் வைத்த வைஸைக் கொடுத்து, உறை கொடுக்காமல், தழும்பில்லாமல் வேலை செய் என்றால் பையன் என்ன மந்திரமா போடுவான்? 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. 1961-ல் பயிற்சியாளர் சட்டமும் வந்தது. ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிக்கும் பையன்களுக்கு ‘வைஸ் கிளாம்ப்’ என்ற பெயரில் இந்த உறையைச் சொல்லியும் கொடுக்கிறார்கள். பாடம் படித்தவன் வேலைக்கு வந்தால் அந்தப் பட்டறையில் உறை இல்லை. கேட்டால் ‘புத்தகத்துப் பிள்ளை’ என்று கேலி. வைஸ் வாங்கக் காசு உள்ள முதலாளிக்கு இரண்டு துண்டுத் தகடு வாங்க மனம் வராததைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. உறையையும் சேர்த்ததுதான் வைஸ் என்று கணக்கெழுத வேண்டும். புதிதாக வரும் பையனுக்கு முதல் வாரத்து வேலையாக இதையே கொடுக்கலாம். அளப்பது, அறுப்பது, துளைப்பது, மடிப்பது எல்லாம் இதில் அடக்கம்.

செய்வதொன்றும் பிரமாத வித்தையல்ல. 125 மில்லிமீட்டர் அகலமுள்ள வைஸுக்கு 2 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு இரண்டு வேண்டும். நீளம் 165, இரு பக்கமும் காது மடிக்க இருபது இருபது. உயரம், தாடை முகத்தின் உயரத்தோடு மேலே மடிக்க 25. மேல் மூலைகள் இரண்டிலும் இந்த அளவுக்குச் சதுரமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டுமுன், சதுரத்தின் உள்மூலையில் 3 மில்லிமீட்டர் துளை போட்டுக்கொண்டால் பிறகு அங்கிருந்து கிழியாது. இரண்டு தகடுகளையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து, அதே வைஸில் வைத்து இறுக்க வேண்டும். மேலே 25 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்; பக்கங்களில் காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். மரச் சுத்தியலால் ஒன்றை இந்தத் தாடைமேலும் மற்றதை அந்தத் தாடைமேலும் மெதுவாகத் தட்டி மடித்தால் வைஸே அச்சாகிவிடுகிறது. காதுகளைச் சற்று அதிகமாகவே உள்ளே மடித்துவிட்டால் உறை கவ்விக்கொண்டு நிற்கும். தாடையைத் திறக்கும்போது காலில் விழாது.

மடிக்கும்போது தகடு வெடித்தால் அது விறைப்பாக இருக்கிறது என்று அர்த்தம். மடிக்கும் கோட்டில் துணி சோப்பைத் தேய்த்து, சோப்பு கருக்கும் வரையில் அனல் காட்டி ஆறவிட்டால் இளகும். அலுமினியம் இரும்பைப்போல் சிவந்து காட்டாது. சுமார் 660 டிகிரியில் சொல்லாமல் கொள்ளாமல் உருகிவிடும். சோப்புதான் எச்சரிக்கை மணி. தாமிரமானால் மங்கலாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மெத்தென்றாகும். எஃகுக்கு நேர் எதிர்! இவ்வளவு சிரமமும் வேண்டாம் என்றால் அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் மீந்துபோன ஆங்கிள் துண்டு இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். காந்தம் பதித்த உறைகளும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. சௌகரியந்தான், ஆனால் காந்தம் இரும்புப் பொடியையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும்.

பொடி விஷயத்தில்தான் உஷார் வேண்டும். மெத்தென்ற தகட்டில் இரும்புச் சிராய் ஒன்று பதிந்துவிட்டால் உறையே பல் முளைத்த தாடையாகிவிடும். ஒவ்வொரு தடவையும் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் சாமானை வைக்க வேண்டும். பித்தளை, அலுமினியச் சாமான்களுக்குத் தேக்குக் கட்டையோ பழைய யந்திர பெல்ட்டின் தோலோ உத்தமம். சைக்கிள் டியூப்பைச் சுற்றுகிறவர்கள் உண்டு. ரப்பர் அமுங்கிக் கொடுப்பதால் அரம் போடும்போது சாமான் ஆடும், நேர்கோடு வராது. காரீயத்தை உருக்கி உறை வார்ப்பது பழைய வழக்கம். அது விஷம், பொடி கையில் ஒட்டிச் சோற்றோடு உள்ளே போகும். அதை விட்டுவிடுவதே புத்தி.

உறை போட்டால் பிடி வழுக்கும் என்று பழைய கைகள் சொல்வது வாஸ்தவந்தான். உளி வைத்து அடிக்கிற கறுப்பிரும்புக்கும், கம்பி வளைக்கவும் வெறும் பல்லே சரி. அதற்காகத்தானே உறையைக் கழற்றி மாட்டும்படி செய்வது? கழற்ற இரண்டு விநாடி ஆகுமா?

மரை வெட்டிய போல்ட்டுக்குத் தகட்டு உறையும் போதாது; மரையின் முனை அமுங்கிவிடும். அதே மரையுள்ள நட்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் மட்டும் ஹாக்சா பிளேடால் அறுத்து, போல்ட்டில் திருகி, நட்டோடு சேர்த்து வைஸில் வைத்து இறுக்க வேண்டும். அறுத்த இடம் நெருங்கி நட்டு போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். மரைக்கு ஒரு சேதமும் வராது. இப்படி அறுத்த நட்டுகளை அளவு வாரியாகக் கம்பியில் கோத்து, உறை தொங்கும் அதே ஆணியில் மாட்டி வைத்தால் அவசரத்துக்குத் தேட வேண்டியதில்லை.