கைப்பக்குவம்: பந்துத் திடல் கேக்



ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்குப் பத்து வயது நிறைகிறது. பந்து என்றால் அவனுக்கு உயிர். கடையில் ஃபாண்டன்ட் போர்த்திய கேக்கின் விலை எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. மாமியார் முட்டை, மாட்டிறைச்சி எதையும் தொடமாட்டார். மகனின் கூட்டாளிகளோ மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று கலந்தே இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே கேக்கை உண்ண வழி உண்டா?"

உண்டு. கேக்கின் அழகைவிட இந்தக் கேள்விதான் பெரிது. ஒரு பாட்டியோ ஒரு பிள்ளையோ தட்டைத் தள்ளி வைக்கும்படி ஆனால் அது என்ன பிறந்தநாள்?

ஃபாண்டன்ட் என்பது சீனிமாவைப் பிசைந்து சப்பாத்திபோல் தேய்த்து, கேக்கின்மேல் போர்த்தும் மாவு. அதற்கு இழுவை தருவதற்குப் பலர் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். அது மாட்டுத் தோல், எலும்பிலிருந்தோ, பன்றித் தோலிலிருந்தோ, மீனிலிருந்தோ எடுக்கப்படுவது. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று அறியலாம். மாடு இல்லை என்று அதற்குப் பொருளில்லை. கடையில் ஆயத்தமாக வாங்கினாலும் பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள். வீட்டில் செய்தால் கடல்பாசியிலிருந்து வரும் அகார் அகார் போதும். மற்றச் சாமான்களையும் ஹலால் முத்திரை பார்த்தே வாங்குங்கள். கிளிசரின் தாவர வகையாக இருக்கட்டும்.

முட்டையில்லாக் கேக்: கோதுமை மாவு 250 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சோடா உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைச் சலித்துக்கொள்ளுங்கள். இனிப்புக் கட்டிப்பால் 400 கிராம், உருக்கிய வெண்ணெய் 125 கிராம், தண்ணீர் 200 மில்லி, வினிகர் 1 தேக்கரண்டி, கொஞ்சம் வெனிலா சேர்த்துக் கலக்குங்கள். 30க்கு 20 சென்டிமீட்டர் தட்டில் ஊற்றி, 180 பாகையில் ஏறக்குறைய அரைமணி நேரம் சுடுங்கள். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வரவேண்டும். இதேபோல் இன்னொன்று சுட்டு, நன்றாக ஆறியபின் நடுவே ஜாம் தடவி அடுக்குங்கள். மேலேயும் பக்கங்களிலும் வெண்ணெயும் சீனிமாவும் குழைத்த கிரீமை மெல்லிசாகப் பூசுங்கள்.

ஃபாண்டன்ட்: அகார் அகார் தூள் 2 தேக்கரண்டியை 5 மேசைக்கரண்டித் தண்ணீரில் கலந்து, கொதிக்கவிட்டுக் கரையுங்கள். ஜெலட்டினைப்போல் வெதுவெதுப்பான நீரில் இது கரையாது, கொதித்தே ஆகவேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி, திரவ குளுக்கோஸ் அரைக் கிண்ணம், கிளிசரின் 1 மேசைக்கரண்டி, தாவரக் கொழுப்பு 2 மேசைக்கரண்டி சேருங்கள். ஆறினால் உறைந்துவிடும். ஆகையால் சூடு இருக்கும்போதே, சலித்த ஐசிங் சீனி 900 கிராமில் ஊற்றிப் பிசையுங்கள். ஒட்டினால் சீனி, வெடித்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர். பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி ஓர் இரவு வையுங்கள். குளுக்கோஸ் சீனியைப் பூக்கவிடாது. கிளிசரின் மாவைக் காயவிடாது.

இனி திடல். மூன்றில் இரண்டு பங்கு மாவுக்குப் பச்சை நிறம் கொடுங்கள். தண்ணீர்ச் சாயம் மாவை இளக்கிவிடும். குழம்புச் சாயமே நல்லது. சோளமாவு தூவி, 4 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்துப் போர்த்துங்கள். உண்மைத் திடல் 105க்கு 68 மீட்டர். உங்கள் கேக்கில் 1 சென்டிமீட்டர் என்பது மூன்றரை மீட்டர் என்று கொண்டால் கணக்குச் சரியாக வரும். நடு வட்டம் 5 சென்டிமீட்டர் அகலம். ஒரு போத்தல் மூடியை அழுத்தி அளவு எடுக்கலாம். கோல் முன் உள்ள பெரிய கட்டம் பதினொன்றரைக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு. கோல் கம்பங்களின் இடைவெளி 2 சென்டிமீட்டர். வெள்ளை மாவை நூலாகத் திரித்து, ஈர விரலால் ஒட்டிக் கோடு போடுங்கள். பிள்ளை பார்த்த உடனே "சரியான திடல்!" என்பான்.

பந்து வேண்டுமா? 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் வந்த பந்தில் 12 கறுப்பு ஐங்கோணங்களும் 20 வெள்ளை அறுகோணங்களும் இருந்தன. எலுமிச்சை அளவு வெள்ளை உருண்டையில் சில கறுப்பு ஐங்கோணங்களை ஒட்டினாலே அந்தச் சாயல் வந்துவிடும். கறுப்புக்குக் கொக்கோ தூளைப் பிசைந்துவிட்டு, பிறகு சாயம் சேருங்கள். சாயம் குறைவாகவே செலவாகும்.

ஆட்டக்காரர் பொம்மைகளை நிற்கவைக்காதீர்கள். பினாங்கு ஈரக்காற்றில் சாய்ந்துவிடும். சின்னச் சட்டைகளாக வெட்டிப் படுக்கவையுங்கள். 1974இல் மலேசியக் கிண்ணம் வென்ற பினாங்குக்கு நீலமும் மஞ்சளும். கோல் காவலருக்கு மட்டும் நீண்ட கைகள் வையுங்கள். 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தை அறிந்த தாத்தாமார் சிரிப்பார்கள். இவற்றை இரண்டு நாள் முன்பே செய்து காயவிடலாம். உள்ளே பல்குத்தும் குச்சி வேண்டாம், பிள்ளைகள் கடித்துவிடுவார்கள்.

மகளுக்குப் பிறந்தநாளா? அவளுக்கும் இதே திடல்தான். ஓடுகிற பெண்ணாக இருந்தால் செந்நிற ஓட்டப்பாதை போட்டு, 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய எம். ராஜமணியின் கதையையும் சொல்லுங்கள்.

சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். போர்த்திய கேக்கைக் குளிர்ப்பெட்டியில் திறந்து வைத்தால், வெளியே எடுத்ததும் வியர்த்து ஒட்டும். அட்டைப் பெட்டியில் மூடி, அடுப்பங்கரைக்கு எட்ட, மின்விசிறி ஓடும் அறையில் வையுங்கள்.

இனிப்புநீர் உள்ள பெரியவர்களுக்குப் போர்வையை உரித்துவிட்டுச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். முதல் துண்டு பாட்டிக்கா, பக்கத்து வீட்டு நண்பனுக்கா என்பதை மட்டும் பிறந்தநாள்காரனிடமே விட்டுவிடுங்கள்.