கடன் வாங்கித்தான் பட்டமா?

வடக்கின் மீனவ ஊரான மயிலிட்டியிலிருந்து 1990 ஜூனில் இடம்பெயர்ந்த மக்களுக்குத் துறைமுகத்தை ஒட்டிய காணிகள் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தன. முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் படித்து வளர்ந்த தலைமுறை இப்போது தன் பிள்ளைகளை உயர்தரப் பரீட்சைக்கு அனுப்புகிறது. ஆனால் தகுதி பெறுவோரில் பெரும்பான்மையோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை.

வெட்டுப்புள்ளியில் தவறியவர்களுக்கு அரசு 2017 முதல் காட்டும் வழி, அரச சார்பற்ற நிறுவனங்களில் பட்டம் படிக்க வட்டியில்லாக் கடன். வட்டியை அரசு ஏற்கிறது; முதலை மாணவரே கட்டவேண்டும். படகும் வலையும் இழந்து, தொழிலை அடியிலிருந்து தொடங்கிய குடும்பத்துக்கு அது பெருஞ்சுமை. இந்தப் பாதை எங்கே போய்ச் சேரும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே மத்திய அரசுக்கு மாணவர்கள் கட்டவேண்டிய கடன் மட்டும் 1.6 இலட்சம் கோடி டொலரைத் தாண்டிவிட்டது. பட்டத்தை முடிக்காமல் இடைநின்றவர்களே அதைத் திருப்பிக் கட்ட அதிகம் திணறுகிறார்கள்.

அதே அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினறி, பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கொடுத்தே கணிதமும் வானியலும் கற்பித்தது. மதம் மாற்றும் நோக்கம் அதற்கு இருந்தது, உண்மைதான். ஆயினும் பிள்ளையைக் கடனாளியாக்கவில்லை.

கடனாளியாக்காமல் கற்பிக்க இன்று அரச பல்கலைக்கழகங்களே வழி. மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகத்துக்கு மீன்பிடிக்கும் கடல் விஞ்ஞானத்துக்குமென ஒரு முழுப் பீடம் உண்டு. நீண்ட கரையோரம் கொண்ட வடக்குக்கும் அப்படியொரு பீடம் வேண்டும். கடன்களுக்கு வட்டி கட்டும் பணத்தை அரச பல்கலைக்கழக இடங்களைக் கூட்டுவதற்குத் திருப்புங்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே இதற்கு நிதி ஒதுக்க வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றிக் குரல் கொடுக்க வேண்டும்.