பேச்சிலர்களுக்குப் பூனை கிடையாது

என்ன தொழில் என்று யாராவது கேட்டால் 'எழுத்து' என்பேன். 'அது சரி, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?' என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் ஒரு பதில் கைவசம் உண்டு. இப்போது மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: 'அது என்ன சார், உங்க மொட்டை மாடியில இவ்வளவு பூனை?'

நாலு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் மழையில், எங்கள் நங்கநல்லூர் வீட்டு மோட்டார் ரூமில் ஒரு தெருப் பூனை நாலு குட்டி போட்டது. 'மழை விட்டதும் போயிடும்' என்றேன். 'கல்யாணத்துக்கு வந்த உங்க சித்தப்பாவையும் இப்படித்தான் சொன்னீங்க' என்றாள் மனைவி.

மழை விட்டது. பூனை போகவில்லை.

நான் பி.காம். உடனே கணக்குப் போட்டேன். பெண் பூனை பிறந்த நாலைந்து மாசத்திலேயே சினையாகலாம். சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம். ஒரு தடவைக்கு நாலு குட்டி, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை. இது தனி வட்டி இல்லை சார், கூட்டு வட்டி! கொள்முதலே இல்லாமல் ஸ்டாக் ஏறுகிற ஒரே வியாபாரம் இதுதான்.

முதல் வேலையாகத் தாய்ப் பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். அடையாளத்துக்குக் காது நுனியில் துளி கத்தரித்து அனுப்பினார்கள். குட்டிகள் எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும் என்று விட்டு, பிறகு தடுப்பூசி போட்டு வரன் தேட ஆரம்பித்தேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. 'பூனை கொடுக்கிறவர்' என்று ஊரில் ஒருவன் பேர் எடுத்தால், அதற்கு அர்த்தம் 'பூனை வாங்கிக்கொள்கிறவர்' என்பது எனக்குத் தெரியாது. காலையில் கேட்டைத் திறந்தால் பால் பாக்கெட் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் 'மியாவ்'. லண்டனில் 1860-ல் தொடங்கிய நாய்கள் இல்லம்கூட 1883-ல்தான் பூனைகளைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்கே யோசிக்க 23 வருஷம் கிடைத்தது. எனக்கு 23 நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை.

பூனைக்கு வீடு பார்ப்பது என்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரியேதான். 'குட்டி வெள்ளையா இருக்குமா?' என்பார்கள். மூன்று நிறம் கலந்த குட்டியைக் காட்டினால், 'இதே கலர்ல ஆண் குட்டி இருக்கா?' என்பார்கள். மூவண்ணப் பூனை அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும், அது இயற்கையின் ஏற்பாடு, நான் செய்த சதி இல்லை என்று விளக்க வேண்டும். கறுப்புப் பூனை என்றால் பேச்சே கிடையாது. 'வீட்ல கேட்டுட்டு சொல்றோம்' என்று போகிறவர்கள், பெண் பார்த்துவிட்டு பஜ்ஜி தின்றுவிட்டுப் போன கோஷ்டி மாதிரி அப்புறம் போனே எடுக்க மாட்டார்கள்.

ஆரம்பத்தில் நான் கேள்வியே கேட்பதில்லை. கேட்டவருக்குக் கொடுத்தேன். ஒரு செவலைக் குட்டியை, ஐந்தாவது மாடியில் குடியிருந்த ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிஷத்தில் கொடுத்து அனுப்பினேன். நல்ல மனிதர்கள். ஏ.சி. ரூம், குழந்தைகள், எல்லாம் இருந்தது. பத்தொன்பதாம் நாள் போன் வந்தது. பால்கனியில் புறாவைத் துரத்தியிருக்கிறது. 'பூனைதானே சார், எங்கேர்ந்து விழுந்தாலும் நாலு கால்ல நிக்கும்னு நெனச்சோம்' என்று அழுதார்கள்.

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து ஒரு கால்நடை மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-ல் ஒரு ஆய்வு வந்தது. பத்தில் ஒன்பது பிழைத்ததாகக் கணக்கு. கேட்க சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பூனைகளின் கணக்கு. வழியிலேயே செத்தது எந்தப் பேரேட்டிலும் ஏறாது. எங்கள் செவலை அந்த ஏறாத கணக்கு. அவர்கள் பேரில் தப்பில்லை. பால்கனிக்கு வலை போட்டிருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நான் கேட்கவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு ஃபாரம் தயாரித்தேன். பன்னிரண்டு கேள்விகள். சொந்த வீடா, வாடகையா? கல்யாணம் ஆகிவிட்டதா? மாத வருமானம்? ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள்? நண்பர்கள் வந்து தங்குவார்களா? அசைவம் உண்டா?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேளச்சேரியிலிருந்து ஒரு பையன் வந்தான். ஐ.டி. கம்பெனி, நைட் ஷிஃப்ட், கூட மூன்று பேரோடு வாடகை வீடு. குட்டிகளைப் பார்க்கவே இல்லை. நேரே மூலையில் படுத்திருந்த 'ஆடிட்டர்' பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஆடிட்டர் கறுப்புப் பூனை. ஒரு வயசு தாண்டியது. யாரைப் பார்த்தாலும் கணக்கில் ஏதோ உதைக்கிற மாதிரி முறைக்கும், அதனால் அந்தப் பேர். பதினான்கு மாசமாக யாரும் சீண்டவில்லை.

ஃபாரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினேன். 'பேச்சிலர்ஸுக்குக் கொடுக்கறதில்லப்பா.'

அவன் கோபப்படவில்லை. பழக்கப்பட்ட முகத்தோடு சிரித்தான். 'வீடுதான் தர மாட்டேங்கறாங்க. பூனையுமா சார்?'

உள்ளே காபி கலந்துகொண்டிருந்த மனைவி ஃபாரத்தை வாங்கிப் பார்த்தாள். 'என்னங்க, 2014-ல சைதாப்பேட்டை ஹவுஸ் ஓனர் உங்களைக் கேட்டதா சொல்வீங்களே, அதே கேள்விங்க. வரிசைகூட மாறல.'

சுரீரென்றது. கல்யாணத்துக்கு முன் பதினோரு வீட்டுப் படி ஏறி இறங்கியவன் நான். அவர் அசைவம் சாப்பிடுகிறவனுக்கு வீடு இல்லை என்றார். நான் அசைவம் சாப்பிடாதவனுக்குப் பூனை இல்லை என்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். செவலை விழுந்தது பால்கனியில் வலை இல்லாததால். வீட்டில் கல்யாணமானவர்கள் ரெண்டு பேர் இருந்தார்களே, வலைக்குப் பதிலாக அவர்களா நின்றார்கள்? என் பயத்தையெல்லாம் கேள்வியாக மாற்றி, கேட்க வேண்டியதைப் பத்தாவது இடத்தில் எழுதியிருந்தேன்.

ஆனாலும் ஒரு சந்தேகம் நியாயமானது. 'நாளைக்கு வீடு மாறினா இதை விட்டுட்டுப் போயிடுவீங்களே?'

'நாலு வருஷத்துல மூணு வீடு மாறிட்டேன் சார். அம்மா குடுத்த கிரைண்டரை மூணு வீட்டுக்கும் தூக்கிட்டுத்தான் போனேன். இது அதைவிட வெயிட்டா?'

ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை, ஹவுஸ் ஓனர் சம்மதம். இந்த ரெண்டும் கொண்டு வா என்றேன். பசும்பால் மட்டும் வைக்காதே, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றால் போகும் என்றும் சொல்லி அனுப்பினேன். திரும்பி வரமாட்டான் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தான். செல்போனில் வலையின் போட்டோ. கூடவே ஹவுஸ் ஓனரும், நேரிலேயே! எழுபது வயசு இருக்கும். ஆடிட்டரை ஆடிட்டர் மாதிரியே முறைத்துப் பார்த்தார். அதுவும் முறைத்தது. 'ராத்திரி முழுக்க இவனுங்க முழிச்சிட்டிருக்கானுங்க தம்பி. கூட ஒண்ணு முழிச்சிட்டிருந்தா என்ன? எலித் தொல்லையாவது போகும்' என்றார்.

போன வாரம் பையன் போன் பண்ணினான். பதினோரு மாச அக்ரிமென்ட் முடிந்து புதுப்பித்தாகிவிட்டதாம். சாயங்காலமானால் பெரியவர் மீன் துண்டோடு மாடி ஏறி வருகிறாராம்.

'வாடகை ஏத்தினாரா?' என்றேன்.

'ஏத்தாம இருப்பாரா சார்? எங்களுக்காக ஆயிரம் ஏத்தினாரு. ஆடிட்டருக்காக ஐநூறு குறைச்சுட்டாரு.'

என் ஃபாரத்தில் இப்போது ஐந்தே கேள்விகள். முதல் கேள்வி, பால்கனியில் வலை உண்டா? கடைசிக் கேள்வி, வீடு மாறும்போது கிரைண்டரை எடுத்துக்கொண்டு போவீர்களா? நடுவில் கல்யாணம் பற்றி எதுவும் இல்லை. கல்யாணம் ஆனவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பெரிய தகுதியொன்றும் இல்லை.