சீனுவுக்காக அழுதது போதும்

தமிழின் தலைசிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் ‘மூன்றாம் பிறை’ இருக்கும். ‘முதல் மரியாதை’ இருக்கும். பட்டியல் போடுகிறவர் கொஞ்சம் இளையவர் என்றால் ‘பருத்திவீரன்’ இருக்கும். மூன்றும் தேசிய விருது வாங்கியவை. இவற்றைப் பற்றிப் பேசும்போது நம் விமர்சகர்கள் கோயில் பிரகாரத்தில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். காவியம் என்கிறார்கள், கவிதை என்கிறார்கள், யதார்த்தம் என்கிறார்கள். இந்த மூன்று சொற்களில் ஒன்று விழுந்துவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இந்தப் படங்களுக்குக் கிடைத்திருக்கும் புகழ் மிகை என்று நான் நினைக்கிறேன். ஒளிப்பதிவு சரியில்லை, இசை சரியில்லை என்று சொல்ல வரவில்லை. பாலு மகேந்திராவின் கேமரா பார்த்த நீலகிரியை யாரும் குறை சொல்ல முடியாது. இளையராஜாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் புகார் வேறு. மூன்று படங்களும் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை எடுத்து ஓர் ஆணின் துயரமாக மாற்றித் தருகின்றன. இழப்பு அவளுடையது. அழுகை அவன் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சோதிக்க ஓர் எளிய கருவி கையிலேயே இருக்கிறது. சங்க அகப்பாடல்களின் கீழே ஒரு குறிப்பு உண்டு. யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்று அது சொல்லும். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. பரத்தைக்குக்கூடக் கூற்று உண்டு. அது ஒன்றும் பெண்ணிய சொர்க்கம் இல்லை. பாடியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். தன் வேட்கையைத் தலைவன் முன்னால் தலைவி சொல்லலாகாது என்று தொல்காப்பியம் அவள் வாயைக் கட்டியும் வைத்திருக்கிறது. ஆனாலும் நடந்ததை அவள் பக்கமிருந்து சொல்ல ஓர் இடத்தை அந்த மரபு ஒதுக்கியிருந்தது. நம்முடைய மகத்தான படங்களைப் பார்த்து நான் கேட்பது அந்தச் சின்னக் கேள்வியைத்தான்: இதில் அவள் கூற்று எங்கே?

‘மூன்றாம் பிறை’ 1982இல் வந்தது. கார் விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளம்பெண் நினைவை இழந்து சிறு குழந்தையின் மனநிலைக்குப் போய்விடுகிறாள். கடத்தப்பட்டுப் பாலியல் தொழில் நடக்கும் வீட்டில் விற்கப்படுகிறாள். அங்கே வரும் சீனு என்ற பள்ளி ஆசிரியன் அவளை மீட்டு ஊட்டிப் பக்கம் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். குளிப்பாட்டாத குறையாக வளர்க்கிறான். கடைசியில் பெற்றோர் தேடி வருகிறார்கள், சிகிச்சையில் நினைவு திரும்புகிறது, இடையில் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. ரயில் நிலையத்தில் சீனு குரங்காட்டம் ஆடிக் காட்டுகிறான். அவள் அவனை யாரோ ஒரு பைத்தியம் என்று நினைத்துப் போய்விடுகிறாள். நாற்பது ஆண்டுகளாகத் தமிழ்நாடு அந்தப் பிளாட்பாரத்தில் நின்று அழுதுகொண்டிருக்கிறது.

சீனு நல்லவன்தான். விஜியின்மேல் அவன் கை தவறாகப் படவில்லை. ஆனால் ஓர் ஆணின் கை தவறாகப் படாததே மாபெரும் தியாகமாகத் தெரியும் இடத்தில் ஒரு கதை நம்மைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது என்றால், அந்தக் கதை ஆணிடம் எவ்வளவு குறைவாக எதிர்பார்க்கிறது! அவன் செய்யாமல் விட்டதை யாரும் கேட்பதில்லை. இந்தப் பெண்ணுக்கு ஒரு வீடு இருக்கும், அங்கே யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள் என்ற யோசனைக்குப் படத்தில் பெரிய இடமில்லை. பெற்றோர்தான் தேடி வருகிறார்கள்.

இப்போது அதே பிளாட்பாரத்தில் ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவளைப் பாருங்கள். அவள் வாழ்வில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கிறது. அந்த நாட்களில் அவள் விற்கப்பட்டாள். மலையில் ஒருவன் அவளிடம் பலாத்காரத்துக்கு முயன்றான். அவள் உடம்பு எங்கெங்கே இருந்தது, யார் யார் தொட்டார்கள், யார் புடவை கட்டிவிட்டார்கள், எதுவும் அவளுக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை. அவளைச் சுற்றி இருப்பவர்களுக்குத் தெரிந்ததுகூட அவளுக்குத் தெரியாது. இதைவிடப் பயங்கரமான ஒரு நிலையை ஒரு பெண்ணுக்குக் கற்பனை செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இதுதான் படத்தின் உண்மையான துயரம். ஆனால் படம் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவள் அவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்பது மட்டுமே அங்கே பேரிழப்பு. விஜியின் மறதி சீனுவுக்குச் செய்த துரோகமாக நமக்குத் தரப்படுகிறது.

அதே படத்தில் இன்னொரு பெண் இருக்கிறாள். தலைமையாசிரியராக வரும் பூர்ணம் விஸ்வநாதனின் இளம் மனைவி. சில்க் ஸ்மிதா நடித்தார். கிழவருக்குக் கட்டிவைக்கப்பட்ட அந்தப் பெண் சீனுவை விரும்புகிறாள். அவள் வளர்ந்தவள், நினைவு தப்பாதவள், தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவள். அவளுக்குக் கிடைப்பது என்ன? ஒரு கவர்ச்சிப் பாட்டும் சீனுவின் அருவருப்பும். புத்தி பேதலித்த பெண்ணுக்குக் காதல், புத்தியுள்ள பெண்ணுக்கு அவமானம். இந்தப் படத்தின் ஒழுக்கம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். வேட்கை இல்லாத, கேள்வி கேட்காத, பொம்மையும் நாய்க்குட்டியும் போதும் என்றிருக்கிற, ஆனால் உடம்பால் வளர்ந்த ஒரு பெண்! தமிழ் ஆணின் கனவை இவ்வளவு நேர்மையாக வேறு யாரும் படம் பிடித்ததில்லை. அந்த நேர்மைக்காக வேண்டுமானால் பாராட்டலாம்.

விருதுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இந்தப் படத்துக்காகக் கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது. பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கான விருது. படத்தைத் தோளில் சுமந்த ஸ்ரீதேவிக்கு அப்போது வயது 18. அவருக்குத் தேசிய விருது 2018இல், வேறொரு படத்துக்காக, அவர் இறந்த பிறகு வந்தது. சில்க் ஸ்மிதாவைப் பற்றி, அவர் 1996இல் இறந்த பிறகு எல்லோரும் உருக்கமாக எழுதிவிட்டார்கள்.

‘முதல் மரியாதை’யை (1985) இவ்வளவு விரிவாகப் பேச வேண்டியதில்லை. அங்கே ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும்: பொன்னாத்தா. வடிவுக்கரசி நடித்த அந்த மனைவியைத் தமிழகமே வெறுத்தது. வாய்த்துடுக்கு, சுத்தமில்லை, புருஷனை மதிப்பதில்லை. திருமணத்துக்கு முன் ஒருவனால் கர்ப்பமானவள் அவள். குடும்ப மானத்தைக் காப்பாற்று என்று அவள் தகப்பன் கெஞ்ச, மலைச்சாமி தாலி கட்டுகிறார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவளைத் தொடுவதில்லை. இது அவருடைய பெருந்தன்மை என்கிறது படம். ஒரு பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, நீ எச்சில் என்று தினமும் வாய் திறக்காமல் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பெயர் பெருந்தன்மையா? அந்த வீட்டில் அத்தனை வருஷம் இருந்தால் யாருக்குத்தான் வாய் நீளாது? அவளை ஏமாற்றியவன் திரும்பி வரும்போது அவனைக் கொன்று, மலைச்சாமியின் மானத்தைக் காப்பாற்றிச் சிறைக்குப் போகிறவளும் ஒரு பெண்தான், குயில். ஒருத்தி வீட்டுக்குள் தண்டனை அனுபவிக்கிறாள், இன்னொருத்தி சிறையில். மரியாதை மட்டும் அவருக்கு. இதற்குத்தான் அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது கிடைத்தது.

‘பருத்திவீரன்’ (2007) பற்றிப் பேசினால் இளைஞர்கள் கோபப்படுகிறார்கள். மதுரை மண், மக்களின் முகம், மொழி எல்லாம் அசல் என்கிறார்கள். அசல்தான். அமீர் அந்த மண்ணை நன்றாக அறிந்தவர். வீரனின் தாய் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் என்பதுதான் முத்தழகின் தந்தைக்கு அவன்மேல் உள்ள பகை. மகளை அவர் அடித்து நொறுக்கும் காட்சியில் சாதி தன் உண்மையான முகத்தோடு நிற்கிறது. படம் முழுக்கச் சாதிக்கொலை ஒன்று நடக்கப்போகிறது என்ற பயம் வளர்கிறது. பிறகு என்ன ஆகிறது? உடன்போக்கு. அவளை ஆளில்லாத ஓரிடத்தில் விட்டுவிட்டு வீரன் வெளியே போகிறான். அங்கே வரும் ஆண்கள் அவளைக் கூட்டாக வன்புணர்வு செய்கிறார்கள். சாகும் தறுவாயில் அவள் வீரனிடம் கேட்பது, தனக்கு நேர்ந்தது யாருக்கும் தெரியாதபடி தன் உடம்பை வெட்டிப்போடச் சொல்லித்தான். அவன் வெட்டுகிறான். சொந்தக்காரர்கள் வந்து, அவன்தான் கொன்றான் என்று அவனை அடித்துக் கொல்கிறார்கள்.

இந்த முடிவில் இரண்டு மோசடிகள் இருக்கின்றன. முதலாவது, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சாதியின்மேல் குவிந்திருந்த குற்றம் கடைசி நிமிடத்தில் எங்கிருந்தோ வந்த நாலு பேர்மேல் இறக்கிவைக்கப்படுகிறது. மகளைக் கொல்லவும் துணிந்த சாதிக்காரர்கள், அவள் உடலைப் பார்த்துப் பதறி நியாயம் கேட்பவர்களாக ஆகிவிடுகிறார்கள். சாதி கைகழுவிக்கொண்டு வெளியே வருகிறது. இரண்டாவது இன்னும் மோசம். வீரன் பெண்களை நடத்திய விதத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று விமர்சகர்கள் விளக்கினார்கள். செய்த வினை திரும்பி வந்ததாம். வினை அவனுடையது என்றால் அது அவன் உடம்பில் அல்லவா வர வேண்டும்? முத்தழகின் உடம்பு அவன் பாவக்கணக்கை எழுதும் சிலேட்டா?

அவள் கடைசியாகக் கேட்பதைக் கேட்டு அரங்கம் உறைந்துபோனது என்று எழுதினார்கள். எனக்கு அந்த அரங்கில் இருந்த பெண்களைப் பற்றித்தான் யோசனை. அந்த வேண்டுகோள் முத்தழகின் கூற்று போலத் தோன்றும். ஆனால் அவள் வாயில் வைத்திருப்பது ஊரின் சொல். வன்புணர்வுக்குப் பின் பெண்ணுடம்பு இருக்கவே கூடாது, துண்டாகிப் போவது மேல் என்ற அதே பழைய சொல். புகார் கொடுக்கலாமா என்று ஒரு பெண் தயங்கி நிற்கும்போது வீட்டில் முதலில் கேட்பதும் அதுதானே: “வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?” அந்தக் கேள்விக்கு இந்தப் படம் ஓர் அரிவாளைப் பதிலாகக் கொடுக்கிறது. பிரியாமணிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. நன்றாக நடித்தார், சந்தேகமில்லை. படம் முழுக்கப் பயமில்லாமல் எதிர்த்து நின்ற ஒரு பெண்ணை நடித்தவரை, கடைசிக் காட்சியில் உடைந்து கெஞ்சுகிறவளாகத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

எனக்குச் சொல்லப்படும் பதில்கள் தெரியும். அந்தக் காலத்துப் படம், இன்றைய கண்ணால் பார்க்காதே என்பது ஒன்று. சரி, அந்தக் காலத்துக் கண்ணாலேயே பார்ப்போம். ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ வந்தது 1978இல், இந்த மூன்றுக்கும் முன்னால். ஸ்ரீபிரியா நடித்த மஞ்சு எரிந்து விழுவாள், முரண்படுவாள், நேசித்தவர்களையே காயப்படுத்துவாள். யாரும் அவளை மீட்டுக்கொண்டு போவதில்லை. படம் அவளை விளக்கி முடித்துவிடவும் இல்லை. கடைசியில் அவளை ரோட்டில் இறக்கிவிட்டுக் கார் போகிறது. அந்தக் காட்சியில் நாம் காரோடு போவதா, அவளோடு நிற்பதா என்ற சங்கடம் நமக்கு வருகிறது. அப்படி ஒரு படம் அன்றே எடுக்க முடிந்திருக்கிறது. அது தியேட்டரில் ஓடவில்லை. ஆகவே காலத்தின்மேல் பழிபோட வேண்டாம். தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

யதார்த்தத்தைத்தானே காட்டினார்கள் என்பது இன்னொன்று. பொன்னாத்தாவின் பகல் பொழுதும் யதார்த்தம்தான். அதை யார் காட்டினார்கள்? யதார்த்தம் என்பது கேமராவை எங்கே வைக்கிறோம் என்பதற்குப் பிறகு வருகிற விஷயம்.

பெண்களும்தான் அழுதார்கள் என்பார்கள். அழுதார்கள். ஆணின் நன்மைக்கு நன்றிக்கடன் பட்டவர்களாகவே வளர்க்கப்பட்டவர்கள் வேறு என்ன செய்வார்கள்? என் மாணவிகளில் காதலை முறித்துக்கொள்ள நினைக்கிற பெண்களிடம் அந்தப் பையன்கள் பேசுகிற முதல் வசனம் எனக்கு மனப்பாடம்: “உனக்காக எவ்ளோ செஞ்சேன், எல்லாத்தையும் மறந்துட்டல்ல?” இது சீனுவின் குரல்தான், மழையும் பின்னணி இசையும் இல்லாமல். அந்தப் பெண்ணுக்கு உடனே குற்ற உணர்ச்சி வருகிறது. தோழிகள்கூட அவனுக்காகப் பரிதாபப்படுகிறார்கள். போகிறவள் நன்றி கெட்டவள் என்று தீர்ப்பெழுத அந்த ரயில் நிலையம் எல்லோருக்கும் எப்போதோ கற்றுக்கொடுத்துவிட்டது. வேண்டாம் என்று சொன்ன பெண்ணின்மேல் அந்த இரக்கம் எவ்வளவு சீக்கிரம் கத்தியாகவோ அமிலமாகவோ மாறும் என்பதை நாம் செய்தித்தாளில் படிக்காமல் இல்லை.

இந்தப் படங்களைத் தடைசெய்யச் சொல்லவில்லை. பாடத்திட்டத்திலிருந்து தூக்கவும் சொல்லவில்லை. நான் வகுப்பில் காட்டுகிறேன். காட்டிவிட்டு, அகப்பாடலின் கீழ் உள்ளதுபோல ஒரு குறிப்பும் அதற்கொரு கூற்றும் எழுதச் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் பொன்னாத்தாவைத்தான் எடுக்கிறார்கள். ‘மணமான மூன்றாம் நாள் பொன்னாத்தா தன் தாய்க்குச் சொல்லியது’ என்று ஒருத்தி எழுதினாள். தலைமையாசிரியர் மனைவியை எடுத்தவர்கள் உண்டு. முத்தழகை வெட்டச் சொல்லாமல், தகப்பன் பெயரையும் அந்த நாலு பேரின் அடையாளத்தையும் சொல்ல வைத்தவள் ஒருத்தி உண்டு. விஜியை எழுத எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது. நினைவில்லாதவளுக்கு என்ன கூற்று எழுதுவது என்று கேட்கிறார்கள். அதைத்தான் எழுதுங்கள் என்கிறேன்.

இதையெல்லாம் கேட்ட சக ஆசிரியர் ஒருவர், “அப்ப கமல் நடிப்புக்கு மார்க்கே கிடையாதா மேடம்?” என்றார். உண்டு சார். அதைத்தான் அப்போதே கொடுத்துவிட்டார்களே.